நீள் வகுத்தல்: ரீயூனியன் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில், சேன்-ஆந்த்ரே ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சனிக்கிழமை மதியம் ஐந்தாறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ் எழுதப் பழகத்தான் வருகிறார்கள். ஆனால் எழுத்து முடிந்த கையோடு பையிலிருந்து கணக்கு நோட்டு வெளியே வந்துவிடும். கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள், காரைக்காலோ புதுச்சேரியோ யாழ்ப்பாணமோ, அந்த நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிள்ளை போடும் வகுத்தல் எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. தப்பாகச் சொல்லித்தருகிறார்களா?

இல்லை. எழுதும் இடம்தான் வேறு. 952-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் 7-ஐ இடப்பக்கம் எழுதி, ஒரு வளைவு போட்டு, 952-ஐ அதற்குள் வைத்து, ஈவை மேலே எழுதுவோம். நம் தாத்தா காலத்தார் ஈவை வலப்பக்கம் இன்னொரு வளைவுக்கு வெளியே எழுதுவார்கள். இப்படி:

7 ) 952 ( 136

இங்கே பள்ளியில் 952 இடப்பக்கம், 7 வலப்பக்கம். நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, 7-க்கு அடியில் ஒரு படுக்கைக் கோடு, அந்தக் கோட்டுக்குக் கீழே ஈவு:

952 | 7
____| 136

இந்தக் கோட்டு உருவத்துக்குப் பிரெஞ்சில் 'பொத்தான்ஸ்' என்று பெயர். தூக்குமரத்துக்கும் அதே சொல்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு வகுத்தல் எப்படித் தோன்றும் என்பதை அறிந்துதான் பெயர் வைத்தார்களோ என்னவோ.

அப்படியானால் வீட்டில் எந்த முறையைச் சொல்லித்தருவது?

பள்ளி முறையை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. என் மகன் சே.எம். 1 படிக்கும்போது (நம் கணக்கில் நாலாம் வகுப்பு) நான் ஊர் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சைத் தாளில் பாதிக் கணக்கு பொத்தான்ஸ், பாதி வளைவு, ஈவு ஒருமுறை மேலே ஒருமுறை பக்கத்தில் என்று எழுதி, எந்த எண் எதற்கு என்று அவனுக்கே தெரியாமல் போய்விட்டது. விடைகள் எல்லாம் தப்பு. அவன் தப்பு இல்லை, என் தப்பு. பள்ளி முறை நன்றாகக் கைவந்த பிறகு நம் முறையை வேடிக்கைக்குக் காட்டுங்கள். அதுவரை வேண்டாம்.

சொற்களை மட்டும் தமிழில் சொல்லித்தாருங்கள், அதனால் குழப்பம் வராது. பங்கிடப்படுவது வகுபடும் எண், பங்கிடுவது வகுக்கும் எண், விடை ஈவு, மிஞ்சுவது மீதி. பள்ளியில் ஈவைக் 'கொசியான்' என்றும் மீதியை 'ரெஸ்த்' என்றும் சொல்வார்கள்.

படிப்படியாக ஒரு கணக்கைப் போட்டுக்காட்ட முடியுமா?

அதே 952 ÷ 7. எண்களாகப் பார்க்காமல் பணமாகப் பாருங்கள். மேசைமேல் 9 நூறு யூரோத் தாள், 5 பத்து யூரோத் தாள், 2 ஒரு யூரோ நாணயம். ஏழு பேருக்குப் பங்கு.

முதலில் நூறுகள். ஒன்பதை ஏழு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 1. ஈவில் 1 எழுதுங்கள். மீதி 2 தாள். தாளைக் கிழிக்க முடியாது, சில்லறை மாற்றத்தான் வேண்டும். இரண்டு நூறு என்பது இருபது பத்து. ஏற்கெனவே உள்ள 5 பத்தோடு சேர்த்தால் 25 பத்து. நோட்டில் 5-ஐ 2-க்குப் பக்கத்தில் இறக்கி 25 என்று எழுதுகிறார்களே, அது இந்தச் சில்லறை மாற்றம்தான்.

இருபத்தைந்து பத்தில் ஆளுக்கு 3. மூவேழு இருபத்தொன்று, மீதி 4. நாலு பத்தை நாற்பது ஒன்றாக மாற்றி, 2-ஐ இறக்கினால் 42. ஆறேழு நாற்பத்திரண்டு. ஆளுக்கு 6, மீதி ஒன்றும் இல்லை. ஈவு 136.

எத்தனை தடவை போகும் என்று பார், பெருக்கு, கழி, இறக்கு. இந்த நாலும் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைகள் இதை மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள். ஆனால் "ஏன் இறக்குகிறாய்?" என்று கேட்டால் முழிப்பார்கள். உண்மையான தாளும் நாணயமும் வைத்து ஒருமுறை, ஒரே ஒருமுறை, செய்துகாட்டுங்கள். தாளுக்குப் பதில் துண்டுக் காகிதம் போதும்.

கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வலப்பக்கம் தொடங்க, இது மட்டும் ஏன் இடப்பக்கம்?

மேலே உள்ள பணக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. பெரிய தாளை முதலில் பங்கிட்டால் மிஞ்சியதைச் சில்லறையாக்கலாம். சில்லறையில் தொடங்கினால், பங்கிட்டு முடித்த பிறகு மேலிருந்து இன்னும் சில்லறை வந்து விழும், மறுபடி பங்கிட வேண்டும். தப்பு வராது, வேலைதான் இரட்டிப்பு.

என் பிள்ளை கழித்தலையே எழுதாமல் மீதியை மட்டும் எழுதுகிறாள். எங்கேயிருந்து வந்தது அந்த எண்?

மனதில் கழித்திருக்கிறாள். பழைய பிரெஞ்சு வழக்கம் இது. சில ஆசிரியர்கள் இன்றும் இதையே கேட்பார்கள், சிலர் கழித்தலை எழுதச் சொல்வார்கள். 112-ல் 24 நாலு தடவை போகிறது. நாம் 96 என்று எழுதிக் கழிப்போம். அவர்கள் இப்படிச் சொல்லிக்கொண்டே போவார்கள்: நானான்கு பதினாறு, 2-ல் போகாது, இரண்டு பத்து கடன் வாங்கி 22-ல் 16 போனால் 6, மனதில் 2. நாலிரண்டு எட்டு, இரண்டும் சேர்த்து 10, 11-ல் 10 போனால் 1. மீதி 16.

காகிதம் மிச்சம். ஆனால் எங்கே தடுமாறினாள் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. தப்பு அதிகம் வந்தால், கழித்தலை எழுத அனுமதிக்கலாமா என்று ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள்.

ஈவில் வரும் சுழியத்தை விட்டுவிடுகிறான். எத்தனை தரம் சொன்னாலும் திருந்தவில்லை. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நம் தீவையே கணக்காக எடுத்துக்கொள்வோம். பரப்பு 2512 சதுர கிலோமீட்டர் என்று சொல்வது வழக்கம். கொம்யூன்கள் (நகராட்சிகள்) 24. எல்லாக் கொம்யூனும் ஒரே அளவு என்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு? (ஒரே அளவு இல்லை என்பது சேன்-போலிலிருந்து காரில் வருகிறவர்களுக்குத் தெரியும். இது சராசரி.)

2-ல் 24 போகாது. 25-ல் ஒரு தடவை. ஈவில் 1, மீதி 1. அடுத்து 1-ஐ இறக்கினால் 11. அதில் 24 போகாது. இங்கேதான் பிள்ளைகள் "போகவில்லையே" என்று சும்மா இருந்துவிட்டு அடுத்த 2-ஐ இறக்கி, 112-ல் நாலு என்று எழுதி, விடை 14 என்பார்கள். சரியான விடை 104, மீதி 16. போகவில்லை என்பதும் ஒரு பதில்தான், அதை எழுத்தில் 0 என்று எழுத வேண்டும். ஒரு இலக்கத்தை இறக்கினால் ஈவில் ஒரு இலக்கம் எழுதியே ஆக வேண்டும்.

இதை எத்தனை தரம் சொன்னாலும் மறப்பார்கள். மறக்காமல் இருக்க இங்கே பள்ளிகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கணக்கைத் தொடங்கும் முன்பே ஈவுக்கு எத்தனை இலக்கம் என்று பார்த்துவிடுவது. 24 × 10 = 240. 24 × 100 = 2400. 24 × 1000 = 24000. நம் 2512 இந்த 2400-க்கும் 24000-க்கும் நடுவில் இருக்கிறது. ஆக ஈவு நூறுக்கு மேல், ஆயிரத்துக்குக் கீழ். மூன்று இலக்கம். பொத்தான்ஸின் அடியில் மூன்று புள்ளி வைத்துவிட்டுத்தான் வகுக்கத் தொடங்க வேண்டும். 14 என்று எழுதினால் ஒரு புள்ளி காலியாக நின்று பல்லிளிக்கும். அவனே திரும்பிப் பார்ப்பான்.

நம் ஊரில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இங்கே வந்து பிள்ளையின் நோட்டில்தான் கற்றுக்கொண்டேன். மேசைக்கு வரும் பிள்ளைகளிடம் இப்போது மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் கேட்கிறேன்: "புள்ளி வெச்சியா?"

இரண்டு இலக்க எண்ணால் வகுக்கும்போது எத்தனை தடவை போகும் என்று எப்படி ஊகிப்பது?

ஊகம் தப்புவது இயல்பு என்பதை முதலில் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அழிப்பான் இருப்பது அதற்குத்தான்.

காவடிக்கு 1593 சாமந்திப் பூ வந்திருக்கிறது, 27 மாலை கட்ட வேண்டும். மாலைக்கு எத்தனை பூ? 159-ல் 27 எத்தனை தடவை? 27-ஐ 20 என்று பார்த்தால் 7 தடவை போகும் போலத் தோன்றும். ஆனால் 27 × 7 = 189, மிஞ்சிவிட்டது. 30 என்று பார்த்தால் 5. 27 × 5 = 135, மீதி 24. சரி. 3-ஐ இறக்கினால் 243. மறுபடி 30 என்று பார்த்தால் 8. 27 × 8 = 216, மீதி 27. நில்லுங்கள்! மீதியே 27 என்றால் இன்னும் ஒரு தடவை போகும். ஆகவே 9. ஈவு 59, மீதி இல்லை.

கழித்தல் முடியாவிட்டால் ஊகம் பெரிது. மீதி வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் ஊகம் சிறிது. வகுக்கும் எண்ணின் கடைசி இலக்கம் 6, 7, 8, 9 என்றால் அடுத்த பத்தாக நினைத்துக்கொள்வது பெரும்பாலும் உதவும்.

தடுமாறும் பிள்ளைக்கு, பக்க ஓரத்தில் 27-இன் வாய்ப்பாட்டை முதலிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒன்பது மடங்கையும் தனித்தனியாகப் பெருக்க வேண்டாம். இரட்டித்தால் 54, மறுபடி இரட்டித்தால் 108, இன்னொரு தரம் 216: இவை இரண்டு, நாலு, எட்டு மடங்கு. 270-இல் பாதி 135, அது ஐந்து மடங்கு. மற்றதெல்லாம் இவற்றைக் கூட்டினாலே வந்துவிடும்.

வாய்ப்பாடே சரியாகத் தெரியாது. வகுத்தலைத் தள்ளிப்போடலாமா?

வேண்டாம். தெரிந்த பெருக்கலை வைத்தே ஆரம்பிக்கலாம். 952-இலிருந்து ஏழு நூறு, அதாவது 700, எடு. மீதி 252. ஏழு முப்பது 210, எடு. மீதி 42. ஏழாறு எடு. 100 + 30 + 6. விடை அதேதான், எழுத்து மட்டும் நீளம். முப்பது தெரியாவிட்டால் பத்து பத்தாக மூன்று முறை எடுக்கட்டும், குடி முழுகிப்போகாது.

வாய்ப்பாட்டைத் தமிழில் சொல்ல வைக்கலாமா?

மனப்பாடம் ஆன மொழியிலேயே விடுங்கள். கணக்கின் நடுவில் மொழி மாற்றினால் கை நின்றுவிடும். பிரெஞ்சில் 72 என்பது அறுபது-பன்னிரண்டு, 97 என்பது நாலு-இருபது-பத்து-ஏழு. அதைப் பழகிய பிள்ளைக்கு அது ஒரே மூச்சில் வரும். நாம் சிரிக்கிறோம். தொண்ணூறு என்ற சொல்லில் ஒன்பது எங்கே, பத்து எங்கே என்று அவள் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

ஒன்று மட்டும்: இங்கே வாய்ப்பாடு பத்தாம் வாய்ப்பாட்டோடு முடிந்துவிடும். நாம் பதினாறுவரை உருப்போட்டவர்கள். பதினொன்றும் பன்னிரண்டும் மட்டுமாவது தமிழில் சொல்லிக்கொடுத்தால் இரண்டு இலக்க வகுத்தலில் கை கொடுக்கும்.

பாட்டி ஊரிலிருந்து அனுப்பிய கணக்கைப் பிள்ளை தப்பாகவே படிக்கிறான். ஏன்?

காற்புள்ளிதான் காரணமாக இருக்கும். பாட்டி 2,512 என்று எழுதினால் அது இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைக்கு அது இரண்டரையும் கொஞ்சமும்! இங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. அதனால்தான் இந்தப் பக்கத்தில் பெரிய எண்களுக்குக் குறியே போடவில்லை. தசமத்துக்கு மட்டும் நம் வழக்கப்படி புள்ளி வைத்திருக்கிறேன், நோட்டில் அது காற்புள்ளியாக வரும்.

இன்னொன்று, இங்கே 1-க்கு நீளமான மூக்கு வைத்து எழுதுவார்கள், அது நம் கண்ணுக்கு 7. அவர்கள் 7-க்கு இடுப்பில் ஒரு கோடு போடுவார்கள். நாம் கோடு இல்லாமல் எழுதும் 7-ஐப் பிள்ளை 1 என்று படித்துவிடும். வீட்டில் நீங்களும் 7-க்குக் கோடு போட்டே எழுதுங்கள்.

மீதி வந்த பிறகும் தொடரச் சொல்கிறார்கள். எங்கே நிறுத்துவது?

கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது. 30 பிள்ளைகளை 7 பேர் உட்காரும் வண்டிகளில் ஏற்ற வேண்டும் என்றால் ஈவு 4, மீதி 2, வண்டி ஐந்து வேண்டும். அங்கே தசமத்துக்கு வேலையே இல்லை. பரப்பு, பணம், எடை என்றால் தொடரலாம்.

2512 ÷ 24-இல் மீதி 16-இல் நின்றோம். ஈவில் தசமப் புள்ளி வைத்து, 16-க்குப் பக்கத்தில் ஒரு சுழியம் இறக்கினால் 160. அதில் 24 ஆறு தடவை, 144. மீதி மறுபடி 16. மறுபடி 160, மறுபடி 6. இது 104.666... என்று போய்க்கொண்டே இருக்கும். முன்பு வந்த மீதி திரும்ப வந்தால் இலக்கங்களும் திரும்ப வரத்தானே வேண்டும்! 7-ஆல் வகுத்தால் சுழியம் அல்லாத மீதி ஆறு வகைதான் இருக்க முடியும், அதனால் ஆறு இலக்கத்துக்குள் சுழற்சி தொடங்கியே தீரும்: 1 ÷ 7 = 0.142857 142857... ஒரு மழைநாளில் பிள்ளையிடம் 2 ÷ 7, 3 ÷ 7 எல்லாம் போடச் சொல்லுங்கள். அதே ஆறு இலக்கம் வேறு வேறு இடத்தில் தொடங்கி வரும். என் மகன் அன்று சாப்பிடவே வரவில்லை.

வகுக்கும் எண்ணிலேயே தசமம் இருந்தால்?

இரண்டு எண்ணையும் பத்தாலோ நூறாலோ பெருக்கித் தசமத்தை நீக்குங்கள். இரண்டையும் ஒரே அளவு பெருக்கினால் ஈவு மாறாது.

இதற்கு நம் தீவிலேயே பேர்போன ஒரு உதாரணம் இருக்கிறது. யூரோ நாணயம் புழக்கத்துக்கு வந்த 2002 ஜனவரி 1 அன்று, நேர வித்தியாசத்தால் ஐரோப்பாவுக்கு முன்பே இங்கே பொழுது மாறிவிட, சேன்-தெனிச் சந்தையில் நள்ளிரவு தாண்டியதும் ஒரு கிலோ லிச்சிப் பழத்தை யூரோ கொடுத்து வாங்கினார்கள். விலை 0.75 யூரோ. அந்த விலைக்கு 12 யூரோவுக்கு எத்தனை கிலோ? 12 ÷ 0.75 என்பதை நூறால் பெருக்கினால் 1200 ÷ 75. விடை 16. வகுத்தால் விடை சிறிதாகும் என்று நம்பியிருந்த பிள்ளை, 12 எப்படி 16 ஆனது என்று சண்டைக்கு வரும். ஒரு யூரோவுக்கே ஒரு கிலோவுக்கு மேல் கிடைக்கிறதே என்று சொல்லிப்பாருங்கள்.

பெரியவர்களுக்கு அப்போது வந்த தலைவலி வேறு. ஒரு யூரோ என்பது அதுவரை புழங்கிய பிராங்கில் 6.55957. கடையில் நின்று இதால் யார் வகுப்பது? பிராங்க் விலையோடு அதில் பாதியைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் போதும் என்று ஒரு குறுக்குவழி கண்டார்கள். 100 பிராங்குக்கு 150, பத்தால் வகுத்தால் 15. கையால் வகுத்துப் பார்த்தால் 15.24.

விடை சரியா என்று பார்க்க எளிய வழி?

வகுக்கும் எண்ணையும் ஈவையும் பெருக்கி மீதியைக் கூட்டுங்கள். 24 × 104 = 2496, அதோடு 16 சேர்த்தால் 2512. சரி.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர்கள் 'ஒன்பதுச் சோதனை' என்று ஒன்று காட்டுவார்கள். ஒரு பெருக்கல் குறி போட்டு நாலு பக்கமும் எண் எழுதுவார்கள். ஒவ்வொரு எண்ணின் இலக்கங்களையும் ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்ட வேண்டும். 24-க்கு 6, 104-க்கு 5. பெருக்கினால் 30, அது 3. மீதி 16-க்கு 7. கூட்டினால் 10, அது 1. வகுபடும் எண் 2512-க்கும் 10, அதுவும் 1. பொருந்துகிறது.

அழகான வித்தை, ஆனால் நம்பாதீர்கள். 104-க்குப் பதில் 14 என்று எழுதியிருந்தாலும் இலக்கக் கூட்டல் 5 தான், சோதனை "சரி" என்று சொல்லிவிடும். பிள்ளைகள் அதிகம் தவறுகிற அந்தச் சுழியத்தையே இதனால் பிடிக்க முடியாது. அதற்குப் புள்ளிதான்.

கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்விதான். இங்கே நடுநிலைப் பள்ளிக் கால்குலேட்டரில் ஈவையும் மீதியையும் தனித்தனியாகக் காட்டும் பொத்தானே உண்டு. என் பதில் இதுதான்: பள்ளி கேட்கிறது, அதனால் வேண்டும். அப்புறம், தப்பான பொத்தானை அழுத்தி 14 வந்தால் "மூன்று இலக்கம் வர வேண்டுமே" என்று சந்தேகப்படக் கையால் போட்டுப் பழகியவருக்குத்தான் தோன்றும்.

நோட்டில் எண்கள் கோணல்மாணலாக ஓடுகின்றன.

சிறு கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். கட்டத்துக்கு ஒரு இலக்கம். பாதித் தப்பு அதோடு போய்விடும்.

பழகச் சில கணக்கு கொடுங்களேன்.

எளியதிலிருந்து: 864 ÷ 6 (விடை 144). 3045 ÷ 5 (609). 7216 ÷ 8 (902). 1000 ÷ 7 (142, மீதி 6). 4335 ÷ 21 (206, மீதி 9).

கடைசியாக, நம் தீவின் பிரெஞ்சு மாவட்ட எண்ணான 974-ஐ 24 கொம்யூனால் வகுக்கச் சொல்லுங்கள். 97-ல் நாலு தடவை, மீதி 1. நாலை இறக்கினால் 14, போகாது. எங்கள் மேசையில் பாதிப் பேர் "நாலு, மீதி பதினாலு" என்று கத்துவார்கள். இரண்டு புள்ளி வைத்தவர்கள் மட்டும் நாற்பது என்பார்கள்.